சம்பந்தி வீட்டுத் தும்மல்

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடறீங்களா தம்பி? புழுங்கும்தான், மன்னிச்சுக்கோங்க. ஒட்டன்சத்திரம் வரைக்கும்தானே போறீங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க. எனக்கு வெயில் மூஞ்சியில சுள்ளுன்னு அடிச்சா தும்மல் வந்துரும். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, நகர்ந்து உக்காராதீங்க. இது பரம்பரை.

சிரிக்கறீங்க. சிரிங்க, நானே இப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் திரியறேன். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம், மனுசனுக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டு இருக்கா. ஒண்ணும் ஆகலை, பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம், அவ்வளவுதான். இந்தத் தும்மலால நின்னுபோக இருந்த கல்யாணம் தம்பி. இப்ப ஜாம் ஜாம்னு நடக்கப் போகுது. இந்தப் பை பூரா பத்திரிகைதான். தாராபுரத்துல என் மச்சான் குப்புராஜ் இருக்கார், பஞ்சவர்ணத்தோட தம்பி, பொண்ணுக்குத் தாய்மாமன். அவருக்கு வைக்கத்தான் போறேன். அவரு என்மேல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கார். அந்தக் கதைக்கு அப்பறம் வர்றேன்.

என் பேரு பிச்சைமணி. திண்டுக்கல்ல செருப்புக் கடை வச்சிருக்கேன். எங்கப்பா சென்றாயன் பஸ் டிரைவரா இருந்தார், பிரைவேட் பஸ்ல. அவருக்கும் இதே தும்மல். காலையில ஷெட்டை விட்டு வண்டி வெளிய வரும், வெயில் விழும், எங்கப்பா தும்முவார். ரெண்டு சின்னது, கொஞ்சம் இடைவெளி, அப்பறம் ஒரு பெருசு. தலையை இடது பக்கம் சாய்ச்சு, கடைசியில ‘முருகா’ம்பார். அது முடிஞ்சப்பறம்தான் கண்டக்டர் விசிலே ஊதுவார். புதுசா ஏறுன ஆளுங்க, கிளம்பும்போதே தும்மறானே, வண்டி போய்ச் சேருமான்னு இறங்கிப் போயிருக்காங்க.

நம்ம ஊர்ல தும்மல்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது எவனாவது தும்முனா, திரும்பி உள்ள வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும். எங்க வீட்ல பாருங்க, வாசப்படி தாண்டுனா வெயில். வெயில் பட்டா தும்மல். தும்முனா திரும்பி உள்ள. தண்ணி குடிச்சுட்டு வெளிய வந்தா மறுபடியும் வெயில். எங்கம்மா இருந்த வரைக்கும் நாங்க எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டறதுக்கு முந்திப் போய்ச் சேர்ந்ததே இல்லை. சொந்தக்காரன் எவனும் எங்களை வழியனுப்பக் கூப்பிட மாட்டான். பிள்ளைங்க பரீச்சைக்குப் போறாங்கன்னா, எங்கப்பா இருக்கற பக்கம் கதவைச் சாத்திருவாங்க. அந்த மனுசன் அதுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருப்பார். எனக்குத்தான் மனசு கஷ்டமா இருக்கும்.

நான் ஒத்தப் பிள்ளை தம்பி. கூடப் பொறந்தவங்க யாரும் இல்லை. அது வேற கதை. வேற கதையுமில்லை, இதே கதைதான், வர்றேன்.

எனக்குப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு. சுகப்பிரியா. தேனியில ஒரு கண் ஆஸ்பத்திரியில கண்ணு டெஸ்ட் பண்ற வேலை. அவளுக்கும் அந்தத் தும்மல் அப்படியே வந்துருச்சு. அந்த ஆஸ்பத்திரியிலயே கணக்குப் பிரிவுல தீபன்னு ஒரு பையன். உத்தமபாளையத்துக்காரன். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. லவ்வுதான். ஆனா நாங்க அதை வெளிய சொல்லாம, ஜாதகம் பாத்து, முறைப்படி பொண்ணு பாக்க வரச் சொன்னோம். நான் இந்த விஷயத்துல எல்லாம் ரொம்ப பரந்த மனசு. என்ன, அவங்க வந்துட்டுக் கிளம்பும்போது எங்க வீட்ல எவனும் தும்மிரக் கூடாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. பொண்ணு பாத்துட்டு வாசல் இறங்கறப்ப தும்மல் சத்தம் கேட்டா அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்.

அதனால வாசல்ல இருந்து தெரு வரைக்கும் பச்சைத் துணியில பந்தல் போட்டேன். பொண்ணு பாக்கறதுக்கெல்லாம் எவனாவது பந்தல் போடுவானா? எதிர்வீட்டுக்காரர் வந்து, என்னங்க, யாரு தவறிட்டாங்கன்னு கேட்டுட்டுப் போனார்.

அவங்க சாயங்காலமா வந்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா பேரு சுருளிவேல். போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கார். மனுசன் வரும்போதே தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள்ள வந்தும் கழட்டலை. சரி, கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருப்பார் போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். கேசரி சாப்பிட்டாங்க, பேசுனாங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சு கிளம்புனாங்க. நான் பந்தல் கடைசி வரைக்கும் போய் நின்னு கும்பிட்டேன். அவரு மரியாதைப்பட்ட ஆளு பாருங்க, கண்ணாடியோட கும்பிடக் கூடாதுன்னு கழட்டிட்டுக் கும்பிட்டார். மேக்க இருந்து வெயில் நேரா அவரு மூஞ்சியில விழுந்துச்சு.

தும்முனார் தம்பி. ரெண்டு சின்னது. கொஞ்சம் இடைவெளி. அப்பறம் ஒரு பெருசு. தலை இடது பக்கம். ‘முருகா.’

எங்கப்பா செத்துப் பதினோரு வருசம் ஆச்சு, அந்தத் தும்மலை மறுபடி கேக்கறேன். கேட்ட அதிர்ச்சியில ஒரு அடி முன்னாடி வந்துட்டேன், வெயில்ல. நானும் தும்முனேன். மாப்பிள்ளைப் பையன் தும்முனான். வாசல்ல எட்டிப் பாத்த என் பொண்ணும் தும்முனா. தெருவே நின்னு பாக்குது. பஞ்சவர்ணமும் அந்தம்மாவும், மாப்பிள்ளையோட அம்மா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, “அது ஒண்ணுமில்லைங்க, அவங்க பரம்பரையே இப்படித்தான்” அப்படின்னாங்க. சொல்லி வச்ச மாதிரி. அப்பறம் பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவங்களும் பயந்துக்கிட்டேதான் வந்திருக்காங்க. அந்தத் தொப்பி, கண்ணாடி எல்லாம் எங்க பந்தல் மாதிரிதான். அங்கயே நின்னபடி பேசி முடிச்சுட்டாங்க. பூ வைக்கறதுக்கு நாளே குறிச்சாச்சு.

எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சுருளிவேலும் மட்டும் சிரிக்கலை.

ஏன்னா எங்கப்பா ஓட்டுன ரூட்டு கம்பம் ரூட்டு. உத்தமபாளையம் வழியாத்தான் போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அங்க நைட் ஹால்ட். வீட்டுக்கு வர்றப்ப திராட்சை வாங்கிட்டு வருவார். யாரு குடுத்தான்னு எங்கம்மா கேட்டதே இல்லை. சுருளிவேலுக்கு என்ன வயசுன்னு ஜாதகம் பாக்கறப்பவே விசாரிச்சு வச்சிருந்தேன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். நீங்களே கூட்டிப் பாத்துக்கோங்க.

செத்துப்போன அப்பனைப் பத்தி எந்த மகனாவது இப்படி நினைப்பானா? நினைச்சுட்டேன். அப்படி இருந்தா சுருளிவேல் எனக்குத் தம்பி. தீபன் என் பொண்ணுக்கு அண்ணன் முறை. பங்காளி தம்பி, பங்காளி. அண்ணன் தங்கச்சிக்கு எப்படிக் கல்யாணம் பண்றது? பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லி நிறுத்தறது? அவ அந்தப் பையன் பேரைக் கேட்டாலே மூஞ்சி பூத்துப்போறா. பஞ்சவர்ணத்துகிட்டயும் சொல்ல முடியாது, மாமனாருக்கு வருசா வருசம் படையல் போடறவ அவ. ரெண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கலை.

சரி, உறுதி பண்ணிக்கலாம்னு கிளம்புனேன். நான் செருப்புக் கடைக்காரன். மூஞ்சியை மறந்தாலும் காலை மறக்க மாட்டேன். எங்க வம்சத்துல கட்டை விரலைவிடப் பக்கத்து விரல் நீளம். எங்கப்பாவுக்கு அப்படி, எனக்கு அப்படி, என் பொண்ணுக்கும் அப்படி. நல்லதா ஒரு தோல் செருப்பை எடுத்துக்கிட்டு உத்தமபாளையம் ஸ்டுடியோவுக்கே போயிட்டேன். சம்பந்திக்கு என் கையால அளவு பாத்துப் போட்டு விடணும்னு ஆசைன்னேன். அவரு என்னைப் பாத்ததும், நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன், உங்களை ஒரு போட்டோ எடுக்கணும்னார். ரொம்ப நல்லதுன்னேன். அவரு காலை நீட்டுனார். நான் குனிஞ்சு பாத்தேன்.

பக்கத்து விரல் நீளம்.

எந்திரிச்சு ஸ்டூல்ல உக்காந்தேன். அவரு லைட்டைப் போட்டார். கொஞ்சம் சைடுல திரும்புங்கன்னார். இன்னும் கொஞ்சம், காது தெரியட்டும்னார். கல்யாணத்துக்கு எதுக்குய்யா காது? என் காதையே பாத்துக்கிட்டு நிக்கறார், மனுசன் வெளுத்துப் போயிட்டார். பின்னாடி சுவத்துல மாலை போட்டு ஒரு பெரிய படம், அவங்கப்பா. அந்தப் படத்தைப் பாக்கறார், என் காதைப் பாக்கறார். அப்பறம் கேமராவைக் கீழ வச்சுட்டு, டீ சாப்பிடலாமான்னார்.

டீக்கடை பெஞ்சுல உக்காந்தோம். நான், சம்பந்தி, ஜாதகத்துல ஒரு சின்னச் சிக்கல்னு ஆரம்பிச்சேன். அவரும் அதையேதான் ஆரம்பிச்சார். ரெண்டு பேரும் நிறுத்திட்டோம். அப்பறம் அவரு கண்ணுல தண்ணியோட சொல்றார்: “எங்கப்பா திராட்சை வியாபாரம். மாசத்துல பாதி நாள் திண்டுக்கல் மண்டியிலதான் தங்குவார். என்னை மன்னிச்சிருங்க.”

இந்த ஆளு அவங்கப்பாவைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கார் தம்பி. எங்கம்மாவையும்னு வச்சுக்கோங்க, அது அப்ப என் மண்டையில ஏறலை. நான், சேச்சே, தப்பு உங்கப்பா மேல இல்லை, எங்கப்பாதான் கம்பம் டிரைவர்னேன். அவரு ஒத்துக்க மாட்டேங்கறார். ஓட்டல்ல பில்லுக்கு நானு நீயுன்னு மல்லுக்கட்டுவாங்கள்ல, அந்த மாதிரி. “இல்லைங்க, எங்கப்பாவாத்தான் இருக்கும்.” “நீங்க சும்மா இருங்க சம்பந்தி, எங்கப்பா பண்ணுனது.” டீக்கடைக்காரர் வடைத்தட்டைக் கையில வச்சுக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு நிக்கறார். விட்டுக் குடுக்கறதுல நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி. அது வேற பயத்தைக் கூட்டிருச்சு.

கடைசியில, இனி மறைக்கறதுல அர்த்தமில்லைன்னு நேரா தேனிக்குப் போய்ப் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டோம். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில வச்சுத்தான் சொன்னோம். நான் அழுதுட்டேன். அவரும் அழுதார். என் பொண்ணு முதல்ல வாயைப் பொத்துனா. பாவம், தாங்க முடியாம அழறான்னு நினைச்சேன். அப்பறம் அந்தச் சிமெண்டு பெஞ்சுல இருந்து வழுக்கித் தரையில உக்காந்துட்டா. சிரிக்கறா தம்பி. தீபன் அவளைத் தூக்கப் போயி அவனும் உக்காந்துட்டான்.

சிரிச்சு முடிச்சுட்டு விளக்கம் சொன்னா. கண்ணுல வெளிச்சம் பட்டதும் போற சேதி பக்கத்துல மூக்கு நரம்புக்கும் தாவிருதாம், ஒரு வீட்டு லைன் கரண்டு அடுத்த வீட்டுக்கும் பாயற மாதிரி. அப்படித்தான் இருக்கும்னு டாக்டருங்க நினைக்கறாங்களாம். அப்பா, அம்மா யாராவது ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரம்பரைதான், நான் சொன்னது சரிதான். ஆனா உலகத்துல நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இது இருக்குதாம். அந்த விரலும் அப்படித்தானாம், எங்கயும் பாக்கலாமாம். நான் நம்பலை. செருப்புக் கடையில அப்படி எத்தனையோ காலைப் பாத்திருக்கேன்தான், இருந்தாலும் எங்க விரல் வேற.

அவ ஞாயித்துக்கிழமை எங்க ரெண்டு பேரையும் தேனியில ஒரு சினிமா தியேட்டர் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனா. காலைக் காட்சி முடியற நேரம். உச்சி வெயில். கதவைத் திறந்தாங்க. இருட்டுக்குள்ள இருந்து சனம் வெளிய வருது. நல்லா மீசை வச்ச ஒரு ஆளு வந்தார், மேல பாத்தார், தும்முனார். அப்பறம் ஒரு காலேஜ் பொண்ணு. ஒரு போலீஸ்காரர். ஒரு அம்மாவும் இடுப்புல இருந்த பிள்ளையும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர். அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, வெடி கொளுத்திப் போட்ட மாதிரி. நானும் சுருளிவேலும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறோம், நடுவுல நாங்களும் தும்மிக்கிட்டு.

என் பொண்ணு என் காதுகிட்ட வந்து சொல்றா: “அப்பா, உங்க கணக்குப்படி பாத்தா தாத்தா தமிழ்நாடு பூரா நைட் ஹால்ட் போட்டிருக்கணும்.”

எனக்கு அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு தம்பி. ரெண்டு வாரத்துச் சிரிப்பும் சேந்து வந்துச்சு. போலீஸ்காரர் வந்து என்ன ஏதுன்னு விசாரிச்சார். அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

இருந்தாலும் ஒரு முள்ளு உள்ள குத்திக்கிட்டே இருந்துச்சு. அதையும் அவளே கண்டுபிடிச்சுட்டா. சந்தேகம் இருந்தா டெஸ்ட் இருக்குப்பான்னா. அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு, மகன்கிட்ட இருந்து பேரனுக்குன்னு ஆம்பளை வழியிலயே பெருசா மாறாம வர்ற ஒரு துண்டு நம்ம உடம்புல இருக்காம். நீங்க ரெண்டு பேரும் எச்சில் குடுத்தா போதும், ஒரே அப்பன் பிள்ளைங்களா இல்லையான்னு தெரிஞ்சுரும்னா. அப்படிச் சொல்லிட்டு மூஞ்சியைக் கொஞ்சம் சீரியஸா வச்சுக்கிட்டு இன்னொண்ணும் கேட்டா. அவ ஆஸ்பத்திரிக்குக் கண்ணு தெரியாத பிள்ளைங்க வருதாம். மாமனையும் அத்தை மகனையும் கட்டுனவங்களோட பிள்ளைங்க நிறையவாம். ஒரே குடும்பத்துல ஒளிஞ்சிருக்கற குறை, ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து பிள்ளை மேல சேந்துருதாம். “எனக்கும் தீபனுக்கும் நீங்க பயந்த அந்தச் சொந்தமே இருந்தாலும், குப்புராஜ் மாமாவுக்கும் எனக்கும் இருக்கறது அதைவிட நாலு மடங்கு நெருக்கம்ப்பா. அவரைக் கட்டிக்கோன்னு மூணு வருசம் நிக்கவச்சுப் பேசுனீங்களே, அப்ப இந்தப் பயம் எங்க போச்சு?”

இதுதான் மச்சான் கோவம். அவருக்குத்தான் சுகாவைக் குடுக்கறதா இருந்தோம். இவ மாட்டேன்னுட்டா. அப்பறம் அவரு வேற இடத்துல கட்டி, பிள்ளையும் பொறந்தாச்சு. கோவம் மட்டும் அப்படியே இருக்கு. நான் என் பொண்ணுகிட்ட சொன்னேன், ஏம்மா, அது முறை, இது முறையில்லை, ரெண்டும் ஒண்ணாகுமான்னு. அவ தலையில அடிச்சுக்கிட்டா. படிச்ச பிள்ளைதான், ஆனா இந்தச் சின்ன விஷயம் அவளுக்குப் புரியவே மாட்டேங்குது.

எச்சில் குடுத்தோம். பதில் வர்ற வரைக்கும் சுருளிவேலுக்கும் எனக்கும் இருப்புக் கொள்ளலை. அவரு திண்டுக்கல் வருவார், நான் உத்தமபாளையம் போவேன். பேசறதுக்கு எவ்வளவோ இருந்துச்சு. தும்முனதுக்காகச் சின்ன வயசுல அவரு வாங்குன திட்டெல்லாம் நான் வாங்குனதுதான். அவரும் வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை. கிளம்பும்போது, பாத்துப் போங்கண்ணேம்பார். அவரு வாய்ல ‘அண்ணே’ தானா வந்துருச்சு. நான் திருத்தலை.

டெஸ்ட் முடிவு வந்தன்னைக்கு ரெண்டு பேரும் என் கடையிலதான் இருந்தோம். சுகா போன் பண்ணுனா. ஒரு சம்பந்தமும் இல்லைப்பா, ரெண்டு தாத்தாவும் சுத்தத் தங்கம்னா. சுருளிவேல் துள்ளிட்டார். நான் கடையில நின்ன கஸ்டமருக்கு எல்லாம் லட்டு வாங்கிக் குடுத்தேன். எங்கப்பா படத்துக்கு முன்னாடி போய், கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

எல்லாம் சரி. லட்டு தீந்துச்சு, கூட்டம் போச்சு, நாங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தோம். எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ காலியா இருந்துச்சு. சத்தியமா சந்தோசம்தான் தம்பி, என் பொண்ணு வாழ்க்கை தப்பிச்சுது. ஆனா ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல ஒரு தம்பி கிடைச்சான், போயிட்டான். அந்த மாதிரி இருந்துச்சு. அவருக்கும் அப்படித்தான் போல. அப்பறம் சொன்னார், “இல்லைன்னு வந்துருச்சேண்ணே.” ஏன் அண்ணேங்கறீங்க, அதான் இல்லைன்னு ஆயிருச்சேன்னேன். பழகிருச்சு, விடுங்கன்னார். ரெண்டு பேரும் எந்திரிச்சு, எதுக்குன்னே தெரியாம வெயில்ல போய் நின்னோம். தும்முனோம். ரெண்டு சின்னது, ஒரு பெருசு.

கல்யாணம் எப்படின்னு கேளுங்க. தாலி கட்டி முடிச்சதும் அருந்ததி பாக்கறதுக்கு வெளிய கூட்டிட்டு வருவாங்கள்ல, பட்டப்பகல்ல வானத்தைப் பாக்கச் சொல்லுவாங்களே. ஹோமப் புகை இருட்டுக்குள்ள இருந்து நேரா வெயிலுக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஐயர்கிட்ட சொல்லி அதை எடுத்துரலாமான்னு கேட்டேன். என் பொண்ணு, அதுதான் முக்கியம், அதுக்காகவே போட்டோகிராபர் மாமாவே கேமராவோட நிக்கப் போறார்னுட்டா. பொறக்கற பிள்ளைக்கும் இது வர்றதுக்கு நாலுக்கு மூணு வாய்ப்பாம், ரெண்டு பக்கமும் இருக்கறதால. நான் இப்பவே முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். வரணும்னுதான்.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சு போல. மார்க்கெட்டா பாருங்க, ஷட்டரைத் தூக்குங்க, நான் மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்கறேன். பாத்து, வெயில் நேரா அடிக்கும்.

அட.

அட, என்ன தம்பி. மறுபடியும். ஒரு நிமிசம் இருங்க, பெருசு ஒண்ணு வரும். ம், வந்துருச்சு. இந்தாங்க, துண்டு, துடைச்சுக்கோங்க.

உங்கப்பாவுக்குச் சொந்த ஊரு எது? இல்லை இல்லை, நான் ஒண்ணும் கேக்கலை, சொல்லாதீங்க. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, நம்ம பையன் இறங்கறார். தம்பி, இந்தப் பத்திரிகையைப் பிடிங்க. தட்டு இல்லை, குங்குமம் இல்லை, தப்பா நினைக்காதீங்க. பேரு நீங்களே எழுதிக்கோங்க. குடும்பத்தோட வந்துரணும். அருந்ததி பாக்கறப்ப கூட்டத்துக்குள்ள நிக்காதீங்க, முன்னாடி வந்து என் பக்கத்துல நில்லுங்க.